1954-க்குள் 3 இருக்கிறதா?

காரைக்காலின் வரலாறு திரும்பிய ஆண்டுகள் இரண்டு. 1739-இல் ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1954 நவம்பர் 1-இல் இந்திய ஆட்சிக்கு வந்தது. அந்த 1954-ஐ வைத்தே ஓர் அருமையான கணக்குப் புதிர் போடலாம்.

விதி எளிது. 1, 9, 5, 4 ஆகிய நான்கு இலக்கங்களையும் இதே வரிசையில், தலா ஒருமுறை எழுத வேண்டும். இடையில் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் குறிகளும், வேண்டிய இடத்தில் அடைப்புக்குறிகளும் போடலாம். 0 முதல் 10 வரை எல்லா முழு எண்களும் வர வேண்டும். நான்கு 4-களை வைத்து எண்களை உருவாக்கும் புதிர் இதற்கு மூத்தது. 1881-லேயே லண்டனின் 'நாலெட்ஜ்' இதழில் அது வெளிவந்தது.

தொடங்குவோம்.

1 × 9 − 5 − 4 = 0
1 + 9 − 5 − 4 = 1
1 + (9 − 5) ÷ 4 = 2
(1 + 9) ÷ 5 + 4 = 6
1 × 9 − 5 + 4 = 8
1 + 9 − 5 + 4 = 9
1 × 9 + 5 − 4 = 10

3, 4, 5, 7 மட்டும் பாக்கி. எவ்வளவு முயன்றாலும் இவை வராது. தேடிக் கிடைக்காததற்கும் கிடைக்கவே முடியாததற்கும் உள்ள வேறுபாட்டைக் கணிதத்தால் உறுதியாகச் சொல்ல முடியும். இலக்கங்களுக்கு நடுவே மூன்று இடைவெளிகள். ஒவ்வொன்றிலும் நான்கு குறிகளில் ஒன்று. ஆக 4 × 4 × 4 = 64. அடைப்புக்குறி போட 5 வழிகள். மொத்தம் 320 கோவைகள்தாம்.

அத்தனையையும் எழுதிப் பார்க்க வேண்டியதில்லை; பின்னாலிருந்து வரலாம். 3 வர வேண்டும், கடைசியாகச் சேர்வது 4 என்று கொள்வோம். அப்படியானால் முதல் மூன்று இலக்கங்கள் −1, 7, 12, ¾ ஆகியவற்றில் ஒன்றைத் தந்திருக்க வேண்டும். 1, 9, 5 இவற்றில் எதையும் தராது. கடைசிக் குறி 1-க்கு அடுத்தோ 9-க்கு அடுத்தோ வந்தாலும் இதே முறையில் சோதிக்கலாம். அங்கும் வழி அடைபட்டிருக்கும்.

இப்போது வர்க்கமூலத்தை அனுமதிப்போம். √9 = 3 என்ற ஒன்றே நான்கையும் தந்துவிடுகிறது.

1 + √9 − 5 + 4 = 3
1 × √9 + 5 − 4 = 4
1 + √9 + 5 − 4 = 5
1 − √9 + 5 + 4 = 7

விதியைச் சற்றே தளர்த்தினால் முடியாதது முடிகிறது. எதை அனுமதித்தோம் என்பதைச் சொல்லாமல் 'முடியாது' என்று கணிதத்தில் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட எளிய சான்று பிள்ளைகளுக்குக் கிடைக்காது. அடுத்து 1739-ஐ எடுங்கள்: 1 + 7 + 3 − 9 = 2. மற்றவற்றைத் தேடுங்கள், வராத எண்ணைக் கண்டால், அது ஏன் வராது என்பதையும் நிறுவுங்கள்.