தந்தைக்கு ஒரு கணினி

வயது முதிர்ந்த பெற்றோருக்குப் பொருள் வாங்கப் புறப்படும் நாம், பல வேளைகளில் நம் ஆசைக்கே பொருள் வாங்கித் திரும்புகிறோம். மூக்குக் கண்ணாடியை மகன் கண்ணுக்கு அளந்து தந்தைக்கு அணிவிப்பார் உண்டோ? கணினி வாங்கியபோது எங்கள் இல்லத்தில் அதுவே நிகழ்ந்தது. அப்பிழையையும் அதனைத் திருத்திய வகையையும் நம் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைத்தல் பயன் தருமென்று கருதுகிறோம்.

எங்கள் தந்தையாருக்கு அகவை 78. மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்கொன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். அன்னையார் மறைந்தபின், பிள்ளைகள் அலுவலுக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றுவிட, பகல் முழுதும் தனித்தே இருப்பார். விரும்பிய தமிழ் நூல் இவ்வூரில் எளிதிற் கிட்டுவதில்லை. சங்கரன்கோவிலில் உள்ள தம் தங்கையாரிடம் கைப்பேசியில் பேசுவதற்கும் பிறர் உதவியை எதிர்பார்க்க வேண்டும். அச்சிறு திரையின் எழுத்து அவர் கண்ணுக்குப் புலனாவதில்லை. அவர் குறை கூறியதில்லை. ஆயினும் நாளுக்கு நாள் அவர் பேச்சுக் குறைந்து வந்தது.

முதலில் செய்த பிழை

சென்ற 2025ஆம் ஆண்டில், பாகங்களைத் தனித்தனியே வாங்கி அவருக்கொரு கணினி சேர்த்துக் கொடுக்கத் துணிந்தோம். கடைக்காரர் சொல்லைக் கேட்டு, விளையாட்டுக்கு ஏற்ற கிராபிக்ஸ் கார்டு, கண்ணாடிச் சுவருள்ள பெட்டி, வண்ண விளக்கெரியும் மூன்று விசிறிகள் ஆகியவற்றை வாங்கினோம். பணம் அவற்றிலேயே தீர்ந்தது. திரைக்குப் பழைய 17 அங்குலமே போதுமென்றும், யூ.பி.எஸ். பிறகு ஆகட்டுமென்றும் விட்டுவிட்டோம்.

தந்தையார் உறங்கும் கூடத்தில் அதனை வைத்தோம். மூன்றாம் நாள் பெட்டியின்மேல் ஒரு துண்டு போர்த்தப்பட்டிருந்தது. “தம்பி, விளக்குக் கண்ணைக் கூச வைக்கிறது. இரைச்சலில் உறக்கம் வரவில்லை. எழுத்தோ தெரியவில்லை. இதை எனக்காக வாங்கினாயா, உனக்காக வாங்கினாயா?” என்று கேட்டார். எங்களால் மறுமொழி கூற இயலவில்லை.

ஐப்பசி மாதத்து மாலை இடியொன்றில் அப்பெட்டியும் ஊமையாயிற்று. மதர்போர்டும், மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் பழுதாயின. நினைவகமும் சேமிப்பகமும் செயலியும் கிராபிக்ஸ் கார்டும் தப்பின. அந்த இடியே எங்களுக்கு ஆசிரியனாயிற்று எனலாம்.

கண்ணிலிருந்து தொடங்குக

இரண்டாம் முறை, தந்தையாரின் கண், செவி, கை ஆகிய மூன்றிலிருந்து தொடங்கினோம். கிராபிக்ஸ் கார்டை விற்று, அப்பணத்தில் 24 அங்குலத் திரை வாங்கினோம். எழுத்தை ஒன்றரை மடங்காகப் பெருக்கி வைத்தோம். பைஃபோகல் கண்ணாடி அணிவோர் கீழ்ப்பகுதி வழியே படிப்பர். திரை உயரத்தில் இருப்பின் தலையை அண்ணாந்து கழுத்து நோகும். ஆதலின் உயரத்தைத் தாழ்த்தக்கூடிய தாங்கியுள்ள திரையே நலம்.

அடுத்தது விசைப்பலகை. பெரிய எழுத்துப் பொறித்த விசைகள் வேண்டும். தமிழில் எழுதுவதற்குத் ‘தமிழ் 99’ என்னும் முறை ஏற்றது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டையொட்டி வகுக்கப்பட்ட இம்முறையில், உயிரெழுத்துக்கள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலும் அமைந்துள்ளன. அரிச்சுவடி அறிந்தவர்க்கு இது விரைவில் விளங்கும். முகம் பார்த்துப் பேச ஒரு கேமராவும், செவிக்கு ஒலிபெருக்கியும் சேர்த்துக்கொள்க.

உட்புறப் பாகங்கள்

படிக்கவும், பேசவும், கடிதம் எழுதவும் பெரும் வலிமை வேண்டியதில்லை. படம் காட்டும் பகுதி உள்ளமைந்த செயலியே போதும். இன்டெல் செயலியின் பெயர் ‘எஃப்’ என்று முடிந்தால் அதில் அப்பகுதி பயன்படாது. எங்கள் முதற் செயலி அத்தகையதே. அதனையும் விற்று, ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5600ஜி வாங்கினோம்.

செயலிக்கேற்ற மதர்போர்டு அமைதல் இன்றியமையாதது. டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்னும் நினைவகங்கள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தா என்பதையும் நினைவிற் கொள்க. 2025ஆம் ஆண்டின் இறுதியில், செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவை பெருகியதால் நினைவகத்தின் விலை மிக ஏறிற்று. எனவே எங்களிடம் எஞ்சியிருந்த 8 ஜி.பி. டி.டி.ஆர்.4 நினைவகத்துக்குப் பொருந்தும் பலகையையே தேடினோம். சேமிப்புக்கு 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போதும். அதில் சுழலும் உறுப்பு இல்லாமையால் ஓசையும் இல்லை. பெட்டியோ விளக்கில்லாத எளிய தகரப் பெட்டி.

மட்டாஞ்சேரியில் நீர்வழி மெட்ரோப் படகுத்துறை 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதிற் சென்று உயர்நீதிமன்றத் துறையில் இறங்கிச் சற்று நடந்தால் மரைன் டிரைவில் பென்டா மேனகா கட்டடத்தை அடையலாம். அங்குள்ள கடைகளில் விலையை ஒப்பிட்டு வாங்குதல் எளிது.

இடியும் உப்புக் காற்றும்

நம் ஊரில் மின்தடையும் இடியும் புதியன அல்ல. மின்சாரம் நின்றால் கணினியை முறையாக மூட, 600 வி.ஏ. யூ.பி.எஸ். அவகாசம் தரும். ஆயினும் அது இடியைத் தடுக்காது. சுவரில் எர்த் இணைப்புச் சரியாக உள்ளதா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்த்தல் வேண்டும். இடி முழங்குமுன் மின்செருகியையும் இணையக் கம்பியையும் கழற்றிவிடல் வேண்டும். உப்புக் காற்று உலோகத்தை அரிக்குமாதலால், சன்னலோரத்தில் கணினியை வைத்தலாகாது.

பேத்தி ஆசிரியையானாள்

விண்டோஸ் 10க்கு அந்நிறுவனம் அளித்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிவுற்றது. நாங்கள் விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் நிறுவினோம். கேரளப் பொதுப்பள்ளிகளில் லினக்ஸ் சார்ந்த கட்டற்ற மென்பொருளே கற்பிக்கப்படுவதால், பேத்தியே தாத்தாவுக்குப் பாடம் சொன்னாள். கேரளம் முழு எண்ணிமக் கல்வி பெற்ற மாநிலமென 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டபோது, கற்றவர்களுள் நூறு வயது கடந்த முதியவரும் இருந்தாரன்றோ!

ஓர் எச்சரிக்கையும் தந்தோம். காவல்துறையினர் போலத் திரையில் தோன்றி, “உம்மைக் கைது செய்துள்ளோம், பணம் அனுப்பும்” என்று மிரட்டுவோர் உளர். அத்தகைய கைது சட்டத்தில் இல்லை. பணம் இழந்தால் 1930 என்னும் எண்ணை உடனே அழைத்தல் வேண்டும். இதனைப் பெரிய எழுத்தில் எழுதித் திரையின் அருகில் ஒட்டினோம்.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் உள்ள தமிழ் நூல்களை இன்று தந்தையார் பெரிய எழுத்தில் படிக்கிறார். சென்ற திங்கள் தங்கையாரின் மகனுக்குத் தாமே மின்னஞ்சல் அனுப்பினார். நான்கு வரிக்கு ஒரு மணி நேரம் ஆயிற்றாம். அப்பொழுது நாங்கள் எவரும் வீட்டில் இல்லை. மாலையில் திரும்பியதும் அச்செய்தியை அவர் சொன்ன மகிழ்ச்சி, அந்த மூன்று வண்ண விசிறிகளிலும் நாங்கள் காணாதது.

ஆதலின் அன்பர்களே, பாகங்களின் பட்டியலை எழுதுமுன், பெற்றோரின் அருகில் சற்று அமருங்கள். எந்த எழுத்துத் தெரிகிறது, எந்த ஓசை கேட்கிறது, விரல் எதனைத் தாங்கும் என்று அவர்களையே கேட்டறியுங்கள். அதன்பின் கடைக்குச் செல்லலாம்.