கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப்போறீங்களா? முதல்ல எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் படிங்க!

யூடியூப்ல பத்து ரிவ்யூ பார்த்து, ஆஃபர் வரும்வரை காத்திருந்து, ஒரு கிராஃபிக்ஸ் கார்டை முடிவு பண்ணிட்டீங்க. ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு பாஸ். பி.சி-யை ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கி, கேபினட்டின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றுங்கள். உள்ளே இருக்கிற எஸ்எம்பிஎஸ், அந்தப் புது கார்டுக்குச் சோறு போடுமா என்று பார்க்க வேண்டும்.

அதன் மேல் பெரிய எழுத்தில் '450 வாட்ஸ்' என்று இருக்கும். அதை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். பக்கத்திலேயே பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் +12 வோல்ட் என்ற இடத்தில் எத்தனை ஆம்பியர் எனப் பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டும் பிராசஸரும் பெரும்பாலும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டைத்தான். ஆம்பியரை 12-ஆல் பெருக்கினால், உண்மையில் கையில் எவ்வளவு இருக்கிறது எனத் தெரிந்துவிடும். 16 ஆம்பியர் என்றால் வெறும் 192 வாட்ஸ். அப்புறம் எங்கே போச்சு அந்த 450? 3.3, 5 வோல்ட் கணக்கையெல்லாம் சேர்த்துப் போட்ட பெரிய நம்பர் அது. 12 வோல்ட் இரண்டு வரிசையாக இருந்தால் நீங்களே கூட்டிக்கொள்ளாமல், மொத்தம் எவ்வளவு என்று அச்சிட்டிருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு 170 வாட்ஸ். கோர் ஐ5 12400 பிராசஸர் முழு வேகத்தில் ஓடினால் 117 வாட்ஸ். மதர்போர்டு, ஃபேன், எஸ்எஸ்டி எல்லாவற்றுக்கும் ஒரு 50 வைத்துக்கொண்டால், மொத்தம் 340 பக்கம் வரும். ஆனால், என்விடியா கேட்பதோ 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ். ஏமாற்றுகிறார்களா? இல்லை. கேம் நடுவில் கார்டு சில மில்லி செகண்டுகளுக்கு 170-ஐத் தாண்டி எகிறும். அந்த நேரத்தில் எஸ்எம்பிஎஸ் திணறினால், பாஸ் ஃபைட் நடுவில் ஸ்கிரீன் கறுப்பாகி, பி.சி தானாக ரீஸ்டார்ட் ஆகும். கேமைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். நல்ல தயாரிப்பான 450 வாட்ஸ் சமாளித்துவிடவும் கூடும். ஆனால் கேபினட்டோடு 'ஃப்ரீ'யாக வந்ததை நம்பி கார்டை மாட்டாதீர்கள்.

அடுத்தது கனெக்டர். மதர்போர்டு ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட்ஸ்தான் வரும். மிச்சத்துக்குத் தனி ஒயர்: 6-பின் என்றால் இன்னொரு 75, 8-பின் என்றால் 150. உங்கள் எஸ்எம்பிஎஸ்-ஸில் 6+2 என்று பிரியும் ஒயர் இருக்கிறதா? 4+4 ஆகப் பிரிவது பிராசஸருக்கானது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அழுத்தித் திணிக்காதீர்கள். "அதுக்கென்ன, கன்வெர்ட்டர் போட்டுக்கலாம்" என்பார்கள். ஹார்டு டிஸ்க்குக்கான சாட்டா கனெக்டர் 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட்ஸ். அதில் 150 வாட்ஸை இழுத்தால் பிளாஸ்டிக் உருகும், சில நேரம் புகையும் வரும்.

'80 பிளஸ் பிரான்ஸ்', 'கோல்டு' எல்லாம் கரன்ட்டை எவ்வளவு வீணாக்காமல் பயன்படுத்துகிறது என்பதற்கான முத்திரை. எத்தனை வாட்ஸ் தரும் என்பதை அது சொல்லாது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய பழைய ஆபீஸ் பி.சி வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். அவற்றில் பலவற்றில் எஸ்எம்பிஎஸ் தனி சைஸில் இருக்கும், கார்டுக்கான ஒயரும் இருக்காது. அப்படியென்றால், ஸ்லாட் கரன்ட்டிலேயே ஓடும் கார்டைத் தேடுங்கள். ஆர்டிஎக்ஸ் 3050-யின் 6 ஜிபி மாடல் 70 வாட்ஸ்தான். அதே பெயரில் வரும் 8 ஜிபி மாடலுக்கு 130 வாட்ஸ், தனி ஒயரும் வேண்டும். ஆர்டர் போடும்போது ஜிபி-யைச் சரிபாருங்கள். கேபினட்டுக்குள் நுழையும் உயரமா என்பதையும் அளந்துவிடுங்கள்.

எல்லாம் ஓகே என்றால், வீட்டு யூபிஎஸ்-ஸையும் ஒருமுறை பாருங்கள். 600 விஏ என்று எழுதியிருக்கும் யூபிஎஸ் பலவும் தருவது 360 வாட்ஸ்தான். மானிட்டரையும் சேர்த்தால் மேலே போட்ட கணக்குக்கு அது பத்தாது. கேம் ஆடும்போது கரன்ட் போனால், பி.சி-யும் கூடவே போய்விடும்.