நடுவுல ஒரு காலி இடம்

நம்ம ரெக்கார்டு நோட்டுல இடது பக்கம் காலியா இருக்கும், படம் வரையறதுக்கு. வரலாற்றுப் பாடப்புத்தகத்துல மாணவனுக்குன்னு காலி இடம் விட்டுப் பார்த்திருக்கீங்களா?

இஸ்ரேல், பாலஸ்தீனத்தில் அப்படி ஒரு புத்தகம் இருக்கிறது. உருவாக்கியது, 1998-ல் தொடங்கிய 'பிரைம்' என்ற சுயேச்சையான அமைதி ஆய்வு நிறுவனம். பாலஸ்தீனக் கல்வியாளர் சமி அத்வானும் இஸ்ரேலிய உளவியலாளர் டான் பார்-ஓனும் அதை நிறுவியவர்கள். இரு தரப்புப் பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்து உட்கார்ந்து எழுதினார்கள். அதுவும் எப்போ? இரண்டாவது இன்திஃபாதா நடந்துட்டிருந்தப்போ! சோதனைச் சாவடி தாண்டி வந்து சேர்வதே பெரும்பாடு.

ஒரு பக்கத்தைத் திறந்தால் மூன்று பத்திகள். ஒரு ஓரம் இஸ்ரேலியர் சொல்லும் வரலாறு, மறு ஓரம் பாலஸ்தீனர் சொல்வது. 1948 என்றால் இங்கே 'சுதந்திரப் போர்', அங்கே 'நக்பா', அதாவது பேரழிவு. நடுப்பத்தி காலி. அது படிக்கிற மாணவர் எழுத.

ரெண்டையும் கலந்து ஒரே கதையா எழுதியிருக்கலாமேன்னு உங்களுக்குத் தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா சண்டையே முடியல. வீட்டுல ஒருத்தரைப் பறிகொடுத்த பையன்கிட்ட ரெண்டு வலியையும் கூட்டி சராசரி போட்டுக் கொடுத்தா, படிப்பானா? எதிர்த்தரப்பு என்ன நம்புகிறது என்று தெரிந்துகொள், ஒத்துக்கொள்ள வேண்டாம். கேட்டது அவ்வளவுதான்.

அதுவே அதிகமாகிவிட்டது. இரு பக்கக் கல்வி அமைச்சகங்களும் ஏற்கவில்லை. 2010-ல் ஓர் இஸ்ரேலியப் பள்ளி வகுப்பில் பயன்படுத்தியபோது அமைச்சகம் தடுத்தது. அதைப் பார்க்க பார்-ஓன் இல்லை, 2008-லேயே காலமாகிவிட்டார்.