பதினைந்து புகார்களுக்குப் பிறகும்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 2013-இல் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன், தந்தையுடன் வாழ்ந்த பெண்ணின் கொடுமையால் உயிரிழந்தான். முகத்தில் பல் பதிந்த காயத்தையும் உடைந்த கையையும் கண்டு பதறியவர்கள், குழந்தைகள் பாதுகாப்புத் துறைக்கு 15 முறை புகார் கொடுத்திருந்தார்கள். பெரும்பாலானவை விசாரணை இல்லாமலேயே மூடப்பட்டன. அடுத்த ஆண்டு ‘ஸ்டார் ட்ரிப்யூன்’ நாளிதழ் இதை அம்பலப்படுத்தியது.

இது எப்படி நடந்தது? புகார் வந்ததும் அதை ஏற்பதா, தள்ளுவதா என்பது முதல் முடிவு. ஏற்றால் இரண்டு வழிகள்: குற்றம் நடந்ததா என்று துருவும் விசாரணை, யார்மீதும் குற்றம் சுமத்தாமல் குடும்பத்துக்கு என்ன உதவி தேவை என்று பார்க்கும் மதிப்பீடு.

இரண்டாவது வழி நல்ல நோக்கத்தில் பிறந்தது. அமெரிக்காவில் உறுதியாகும் வழக்குகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு, அடி உதை அல்ல, கவனிப்பின்மை. வீட்டில் சாப்பாடு இல்லை, தாய் இரவு வேலைக்குப் போனதால் பிள்ளைகள் தனியே இருந்தார்கள் என்பது போன்றவை அதில் ஏராளம். வறுமையைக் குற்றம்போல் விசாரிப்பது கொடுமை. 18 வயதுக்குள் 37 சதவீதக் குழந்தைகள் இத்தகைய விசாரணைக்கு உள்ளாகிறார்கள், கறுப்பினக் குழந்தைகளில் இது 53 சதவீதம் என்று 2017-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

ஆனால் மின்னசோட்டாவில் பெரும்பாலான வழக்குகள் மதிப்பீட்டுக்கே அனுப்பப்பட்டன. அதிகாரி முன்கூட்டியே சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார். பல நேரம் பெற்றோர் பக்கத்தில் இருக்கவே குழந்தையிடம் பேசுவார். அடித்தவர் எதிரே உட்கார்ந்திருக்க, எந்தக் குழந்தை வாய் திறக்கும்? போதாக்குறைக்கு, முன்பு தள்ளப்பட்ட புகார்களைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று, சிறுவன் இறந்த மறு ஆண்டு, 2014-இல், சட்டமே போட்டார்கள். அப்படியென்றால் பதினைந்தாவது புகாரும் முதல் புகார்தான்!

நாளிதழ்ச் செய்திக்குப் பிறகு, மாநிலத்தின் அன்றைய ஆளுநர் மார்க் டேட்டன் பணிக்குழு அமைத்தார். 2015-இல் அந்தத் தடை நீங்கியது; குழந்தையின் பாதுகாப்பே முதன்மை என்று சட்டம் மாறியது. பிறகு 2024-இல், கறுப்பினக் குழந்தைகளும் ஏழைக் குழந்தைகளும் அளவுக்கு மீறிக் குடும்பத்திலிருந்து பிரிக்கப்படுவதைத் தடுக்க இன்னொரு சட்டம் வந்தது.

2015-இன் மாற்றத்தைத் திரும்பப் பெற்றதாகச் சிலர் இந்தச் சட்டத்தைப் பார்க்கக்கூடும். என் பார்வையில் இரண்டுமே தேவை. பழைய புகார்களைப் படித்துப் பார்க்கவும், குழந்தையைத் தனியே சந்திக்கவும், வறுமையையும் வன்முறையையும் பிரித்தறியவும் ஊழியருக்கு நேரம் வேண்டும். ஒருவர் தலையில் கட்டும் குடும்பங்களின் எண்ணிக்கையைக் குறைக்க அரசு பணம் ஒதுக்காவிட்டால், இரண்டு சட்டங்களும் காகிதத்தில்தான் இருக்கும்.