பந்தோடு பேசிய பறவை!

பந்துகிட்டே பேசுகிற ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? 1976-ல் அமெரிக்காவில் அதைப் பார்க்க டிக்கெட் வாங்கிக்கொண்டு போனார்கள் சார்!

பெயர் மார்க் ஃபிட்ரிச். டெட்ராய்ட் டைகர்ஸ் பேஸ்பால் அணியின் புது பிட்சர். நம்ம ஊர் பௌலர் மாதிரி. வயசு 21. ஒல்லி உடம்பு, சுருட்டை முடி. 'செசமி ஸ்ட்ரீட்' டி.வி. தொடரில் வரும் பெரிய மஞ்சள் பறவை மாதிரி இருக்கிறாராம். அதனால் பட்டப்பெயர் 'தி பேர்ட்'! மண்டி போட்டு, மேட்டு மண்ணைக் கையாலேயே சமன் பண்ணுவார். எதிராளி அடித்துவிட்ட பந்து ராசியில்லை என்று, 'வேற பந்து கொடுங்க' என்பார்.

வெறும் கோமாளித்தனம் இல்லை. முதல் சீசனிலேயே 19 வெற்றி. 24 ஆட்டங்களில் மாற்று ஆளே இல்லாமல் கடைசிவரை இவரே வீசினார்.

காமர்ஸ் படித்த புத்தி, எனக்குக் கணக்குதான் உறுத்துகிறது. அந்த வருஷம் டெட்ராய்ட் மைதானத்துக்கு வந்தவர்கள் 14 லட்சத்துக்கு மேல். அதில் சுமார் 6 லட்சம் பேர், இவர் வீசிய 18 ஆட்டங்களுக்கு வந்தவர்கள். இவர் சம்பளம்? வருஷத்துக்கு 16,500 டாலர்! போனஸ், மூணு வருஷ ஒப்பந்தம் எல்லாம் சீசன் முடிந்த பிறகுதான்.

1977-ல் முதலில் முழங்கால் போச்சு. திரும்பி வந்த கொஞ்ச நாளில் தோள். 'கை செத்துப் போச்சு' என்றார். என்ன கோளாறு என்று யாருக்கும் பிடிபடவில்லை. 1980-ல் கடைசி ஆட்டம். மொத்தமே 58 ஆட்டங்கள், 29 வெற்றி. தோள் தசைநார் கிழிந்திருப்பதை டாக்டர் கண்டுபிடித்தது 1985-ல்!

சொந்த மாநிலமான மாசசூசெட்ஸுக்குப் போய்ப் பண்ணை வைத்தார், லாரி ஓட்டினார். 2009-ல் அந்த லாரிக்கு அடியில் படுத்து ரிப்பேர் பார்த்தபோது இறந்துபோனார். வயசு 54.