கேஸ் ஹீட்டர் தானே அணைகிறதா? கவனம் தேவை!

கேமரன் மலையில் தேயிலைக் காட்டு வேலை முடிந்து, மழையில் நனைந்து வீடு திரும்பும் தோழர்களுக்குச் சுடுதண்ணீரின் அருமை தெரியும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டால் உடம்பு வெடவெடக்கும். அதனால்தான் சில வீடுகளில் கேஸ் ஹீட்டர் மாட்டியிருக்கிறார்கள். ஆனால் பாதிக் குளியலில் அது பட்டென்று அணைந்துபோனால் என்ன செய்வது?

ஹீட்டருக்குள் சூட்டை அறியும் சிறு கருவி ஒன்று உண்டு. சூடு அளவுக்கு மீறினால் அது கேஸை அடைத்துவிடும். அது உங்கள் உயிருக்குக் காவல். "தொல்லையாக இருக்கிறதே" என்று அந்த வயரைக் கழற்றி நேராக முறுக்கிவிடாதீர்கள். அது ஆபத்தை விலைக்கு வாங்கும் வேலை.

எப்போதும் சரியாக 20 நிமிடத்தில் அணைகிறதா? பல ஹீட்டர்களில் அப்படி நேரக்கட்டுப்பாடு வைத்திருப்பார்கள். பயப்பட வேண்டாம். அதற்கு முன்பே அணைந்தால், தோம்பு வால்வை மூடி, ஹீட்டரை ஆறவிட்டு, இவற்றைப் பாருங்கள்:

1. தண்ணீர் வரத்து குறைந்தால் உள்ளே இருக்கும் கொஞ்சத் தண்ணீர் கொதித்துவிடும். ஷவர் ஓட்டைகளில் அழுக்கு அடைத்திருக்கும். தண்ணீர் உள்ளே போகும் இடத்துச் சல்லடையில் மணலும் பாசியும் சேர்ந்திருக்கும். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, இரண்டையும் கழற்றி பழைய பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள்.

2. கேஸ் திருகு உச்சத்திலும் தண்ணீர்த் திருகு குறைவாகவும் இருக்கிறதா? கேஸைக் குறைத்து, தண்ணீரைக் கூட்டுங்கள்.

3. இவ்வளவு செய்தும் அணைந்தால், உள்ளே கரி பிடித்திருக்கலாம், புகைக்குழாய் அடைத்திருக்கலாம். தகுதி பெற்ற கேஸ் பழுதுபார்ப்பவரைக் கூப்பிடுங்கள். அதுவரை அதில் கை வைக்காதீர்கள்.

தாய்மார்களே, இதை நன்றாகக் கேளுங்கள். நெருப்பு நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தாலோ, கரி படிந்தாலோ, கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு கிளம்பும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக அது இரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல், கைகால் சோர்வு வரும். வெறும் சளிக்காய்ச்சல் என்று நினைத்துப் படுத்துவிடக் கூடாது. வீட்டில் பலருக்கு ஒன்றாக வந்து, வெளியே போனதும் தெளிந்தால் சந்தேகப்படுங்கள். எல்லாரையும் உடனே வெளியே கொண்டுவந்து 999-க்குப் போன் செய்யுங்கள். ஹீட்டர் விஷயத்தை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து அதிகம்.

குளிருக்குப் பயந்து ஜன்னல் இடுக்கில் துணி அடைக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். காற்று வந்துபோக வழி வேண்டும்.

கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள். கதவைத் திறந்து வெளியேறுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கிவிடும்.

60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளில் தோலை வேகவைத்துவிடும். சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பல்பசை, கிச்சாப்பு தடவாதீர்கள்.

தோட்ட வீட்டுக் குளியலறையில் ஜன்னல் திறக்கவில்லையா? நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். கிளைச் செயலாளரிடமும் சொல்லுங்கள். கேட்டு வாங்க வேண்டியது நம் உரிமை. குடும்பத்தைக் காப்பது நம் கடமை.