கணையத்தில் நீர்க்கட்டியா? கத்திக்கு முன் கேளுங்கள்

திருச்சி புத்தூர் அரசு மருத்துவமனை வாசலில் ஸ்கேன் ரிப்போர்ட்டும் கையுமாக நிற்பவர்களில், குடியால் கணையம் வீங்கிப் படுத்தவரின் வீட்டாரும் உண்டு. ரிப்போர்ட்டில் 'சூடோசிஸ்ட்' என்றிருக்கும். கட்டி என்றதுமே புற்றுநோய் என்று பயந்துவிடுகிறார்கள்.

இது புற்றுநோய் அல்ல. கணையக் குழாயிலிருந்து கசிந்த செரிமான நீர் ஓரிடத்தில் தேங்கி, ஏறத்தாழ 4 வாரங்களில் சுற்றிலும் சுவர் எழுப்பிக்கொள்கிறது. கசிவு நின்றால் உடலே அதை உறிஞ்சிவிடும். சில மாதங்களில் கட்டி இருந்த சுவடே தெரியாமல் போவதும் உண்டு. 6 வாரமோ 6 சென்டிமீட்டரோ தாண்டினால் அறுவை என்பது பழைய கணக்கு. இப்போது அளவு மட்டும் பேசாது. வலி, ஓயாத வாந்தி, மஞ்சள் காமாலை, சீழ், கட்டி பெருத்துக்கொண்டே போவது ஆகியவைதான் முடிவு செய்யும். அப்போதும் பலருக்கு வயிற்றைக் கிழிக்காமல், எண்டோஸ்கோப்பி மூலம் நீரை இரைப்பைக்குள் வடித்துவிடலாம்.

தானாகக் கரையும் என்றால் சும்மா இருக்கலாம் என்று அர்த்தமில்லை. டாஸ்மாக் பக்கம் போகவே கூடாது. பீடி, சிகரெட்டும் கூடாது. சொன்ன தேதியில் மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும். பல வருடக் குடியில் கணையக் குழாய் சுருங்கிப்போனவருக்குக் கரையும் வாய்ப்பு குறைவு. தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு வரலாம், மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் 'குடி மறக்கும் மருந்து' கலப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அதன்மேல் குடித்தால் உயிரே போகலாம். குடியை விட, 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும்.

காய்ச்சல், தாங்க முடியாத வலி, ரத்த வாந்தி, கறுப்பு மலம், மயக்கம் என எது வந்தாலும் உடனே 108. ஸ்ரீரங்கத்தில் இருப்பவர்கள், விடிந்ததும் காவிரிப் பாலம் தாண்டிக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

அறுவை என்று சொன்னால், ஏன், காத்திருந்தால் என்ன ஆகும், வேறு வழி உண்டா என்று கேளுங்கள். மாற்று வழிகளையும் ஆபத்துகளையும் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்று 2008-இல் சமீரா கோஹ்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. குடிகாரர் என்பதால் இந்த உரிமை குறைந்துவிடாது. மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், இந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா என்று 1800 425 3993-இல் விசாரியுங்கள். தனியார் காப்பீடு குடியைக் காரணம் காட்டி மறுத்தால், காரணத்தை எழுத்தில் வாங்கி முதலில் நிறுவனத்திடமே முறையிடுங்கள். அங்கே தீராவிட்டால் ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம்.